செகண்ட் லைஃபில் பல்கலைக்கழகங்கள் கட்டிய தீவுகள் என்ன ஆயின? நாம் மெட்டாவெர்ஸ் வகுப்பறை கட்டலாமா?

ஒரு கல்லூரி ஆசிரியர் கேட்டிருந்த கேள்வி இது: "எங்கள் நிர்வாகம் மெட்டாவெர்ஸ் வகுப்பறை அமைக்க ஆசைப்படுகிறது. ஒரு நிறுவனம் வந்து டெமோ காட்டிவிட்டுப் போனது. இதே மாதிரி முன்பு செகண்ட் லைஃபில் பெரிய பல்கலைக்கழகங்கள் வளாகம் கட்டின என்று படித்தேன். அதெல்லாம் என்ன ஆச்சு? அப்படி ஒரு உலகத்துக்குள் உண்மையிலேயே பாடம் நடத்த முடியுமா?"

முடியும். மெட்டாவெர்ஸ் என்பது ஆட்கள் உள்ளே போய் நடமாடும் கணினி உலகம், அதில் பாடமும் நடத்தலாம். ஆனால் டெமோவில் உங்களுக்கு எதைக் காட்டியிருப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. படிப்படியாக இறங்கும் நாற்காலி வரிசை, முன்னால் பெரிய திரை, அதில் பவர்பாயிண்ட், நாற்காலிகளில் மாணவர்களின் அவதார்கள், அதாவது அவர்கள் சார்பில் உள்ளே நடமாடும் உருவங்கள். அதுதான் என்றால் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இருபது வருடமாக ஆளாளுக்கு அதைத்தான் கட்டிப் பார்த்தார்கள், பெரும்பாலும் ஈ ஓட்டினார்கள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003 ஜூனில் செகண்ட் லைஃபைத் திறந்தது. அது விளையாட்டு கிடையாது. வெற்றி தோல்வி இல்லை, புள்ளி இல்லை, வெறும் நிலமும் கடலும்தான். அதன்மேல் என்ன இருக்க வேண்டுமோ அதை உள்ளே வருபவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். 2006, 2007 வாக்கில் பைத்தியம் உச்சத்துக்குப் போனது. ராய்ட்டர்ஸ் உள்ளே ஒரு செய்திப் பிரிவு வைத்தது, ஸ்வீடன் ஒரு தூதரகமே திறந்தது. பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்குமா? 2006 இலையுதிர் பருவத்தில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் சார்ல்ஸ் நெஸ்ஸனும் அவர் மகள் ரெபெக்கா நெஸ்ஸனும் 'சைபர்ஒன்' என்ற பாடத்தை நடத்தினார்கள். வளாகத்தில் இருந்த சட்ட மாணவர்கள், தொலைவிலிருந்து படித்த எக்ஸ்டென்ஷன் மாணவர்கள், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் என்று மூன்று வட்டம். அதில் தொலைவில் இருந்தவர்களுக்கு வகுப்பு கூடிய இடம் செகண்ட் லைஃபில் இருந்த பெர்க்மன் தீவு. அதற்குப் பிறகு தீவு வாங்காத பல்கலைக்கழகம் பின்தங்கிய பல்கலைக்கழகம் என்ற மாதிரி ஒரு நிலை. 2009இல் டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பு தன் 16 வளாகங்களையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்கியது.

உள்ளே போய் என்ன கட்டினார்கள் என்பதுதான் விஷயம். பெரும்பாலும் தங்கள் சொந்த வளாகத்தையே கட்டினார்கள். அதே செங்கல் கட்டிடம், அதே மணிக்கூண்டு, நுழைவு வளைவு, நூலகம், கலையரங்கம். பறக்கத் தெரிந்த அவதாருக்கு எதற்குப் படிக்கட்டு? மழையே பெய்யாத ஊரில் எதற்குக் கூரை? கூரையால் ஒரே ஒரு பயன்தான் உண்டு, தலைக்குப் பின்னால் மிதக்கும் கேமரா போய் இடித்துக்கொண்டு நிற்கும். திறப்பு விழா அன்று துணைவேந்தரின் அவதார் வந்து ரிப்பன் வெட்டும், படம் எடுத்துப் போடுவார்கள். மறுவாரம் போய்ப் பார்த்தால் காற்று வாங்கும்.

வகுப்பு நடக்கும்போதும் சங்கடம்தான். ஒரு தீவு என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரம், அதை நடத்துவது ஒரு சர்வர். நாற்பது ஐம்பது அவதார்கள் ஒரே இடத்தில் கூடினாலே லேக் அடிக்க ஆரம்பித்துவிடும், நடப்பவர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பார். ஸ்லைடு காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் படமாக்கி ஒரு படத்துக்கு 10 லிண்டன் டாலர் (அந்த உலகத்தின் சொந்தக் காசு) கட்டி ஏற்ற வேண்டும். பெரிய தொகை இல்லை, ஆனால் எரிச்சல். இதெல்லாம் தாண்டிப் பாடம் ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் விசைப்பலகையைத் தொடாத மாணவரின் அவதார் தானாகவே தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிழும். ஆள் டீ குடிக்க எழுந்து போய்விட்டார் என்பதற்கு மென்பொருளே போட்டுக் கொடுக்கும் அடையாளம் அது. நிஜ வகுப்பில்கூட இவ்வளவு நேர்மையாகச் சொல்ல மாட்டார்கள்.

உரை கேட்பதுதான் வேலை என்றால் ஒரு யூட்யூப் வீடியோ போதும். அந்த உலகத்துக்குள் ஆளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரே நியாயம், அங்கே இருக்கும் இடமே பாடமாக இருப்பது. அப்படிச் செய்தவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

நியூயார்க் மாநிலத்தின் வாசர் கல்லூரி 2007இல் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தை உள்ளே கட்டியது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் நகல் கட்டிடம்தானே என்று தோன்றும். ஆனால் நிஜத்தில் மைக்கலாஞ்சலோவின் விதான ஓவியம் தலைக்கு மேலே சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். உள்ளே ஜிவ்வென்று பறந்து போய் ஓவியத்துக்கு முன்னால் முகத்தை வைத்து நிற்கலாம். ஒரு கலை வரலாற்று ஆசிரியர் தன் மாணவர்களோடு அந்த உயரத்தில் மிதந்துகொண்டே பேச முடியும் என்பது எந்தப் புத்தகமும் தராத வசதி. டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் கிளார்க் 'ஜீனோம் ஐலண்ட்' என்று ஒரு தீவு அமைத்தார். மெண்டலின் பட்டாணிச் செடிகள் அங்கே இருந்தன. கலப்பினம் செய்து பார்க்கலாம், வரும் தலைமுறையை எண்ணிப் பார்க்கலாம், விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ் செய்தது இன்னொரு விதம். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் விவரித்த அனுபவங்களை வைத்து ஒரு மருத்துவமனைக் கட்டிடம் கட்டினார். உள்ளே நடந்தால் உங்களைத் திட்டும் குரல்கள் கூடவே வரும், செய்தித்தாளில் ஒரு சொல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும், காலுக்குக் கீழே தரை கழன்று விழும். நோயாளி "குரல் கேட்கிறது" என்று சொல்லும்போது மருத்துவ மாணவர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வதற்கும், அந்தக் குரலோடு சில நிமிடம் நடந்து பார்த்துவிட்டு எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கும்தானே.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 'ரிவர் சிட்டி'. ஹார்வர்டில் கிறிஸ் டீட் தலைமையில் செய்தது, செகண்ட் லைஃபுக்கு வெளியே தனி உலகம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஊர் ஒன்று, ஊரில் ஆட்கள் நோயில் விழுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. மாணவர்கள் மூன்று நான்கு பேராகக் குழு சேர்ந்து உள்ளே போவார்கள். ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள், மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டுவார்கள், தண்ணீர் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், கொசு பிடித்து எண்ணுவார்கள். பருவம் மாற மாற ஊரின் நிலையும் மாறும். இதில் சூட்சுமம் என்னவென்றால் நோய் ஒன்றில்லை. தண்ணீரால் வருவது, பூச்சியால் வருவது, ஆளுக்கு ஆள் தொற்றுவது என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். ஒரு குழு குப்பை மேட்டைச் சந்தேகப்படும், இன்னொன்று சதுப்பு நிலத்தைச் சந்தேகப்படும், இரண்டுமே ஓரளவு சரி. பிறகு ஒவ்வொரு குழுவும் தன் சந்தேகத்துக்கு ஏற்ப ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிய ஊருக்குள் போய், மாற்றாத ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று நாம் கரும்பலகையில் ஆண்டுக்கணக்காகச் சொல்லி யார் மண்டையிலும் ஏறாத அந்தச் சங்கதியை இங்கே பிள்ளைகள் கால்நடையாகவே செய்துவிட்டு வருவார்கள். கடைசியில் என்ன கண்டுபிடித்தோம், ஊர் என்ன செய்ய வேண்டும் என்று மேயருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மதிப்பீட்டுக்கு அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டார்கள், எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. ஏனென்றால் சரி தவறு என்று டிக் அடிக்கிற தாளில் காட்டத் தெரியாத பிள்ளை, ஊரைக் காப்பாற்று என்றால் நான்கு பக்கம் எழுதும்.

நோய் என்றதும் 'வைவில்' ஞாபகத்துக்கு வருகிறது. 1999இல் தொடங்கிய சிறுவர் தளம். அங்கே அவதார் என்றால் வெறும் முகம்தான். கண், மூக்கு, முடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முகத்தை அமைத்துக்கொள்ள வேண்டும், அதற்கான 'கிளாம்' என்ற காசை அறிவியல் விளையாட்டுகள் ஆடிச் சம்பாதிக்க வேண்டும். 2002இல் அந்த ஊருக்குள் ஒரு கொள்ளைநோயை விட்டார்கள், பெயர் வைபாக்ஸ். பாடுபட்டுச் சேர்த்த முகத்தில் சிவப்புப் புள்ளிகள் முளைத்தன, பேச வாயெடுத்தால் வாக்கியத்துக்கு நடுவே தும்மல் வந்து விழுந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எவ்வளவு வேகத்தில் பரவுகிறது, யாரோடு பேசலாம் யாரோடு கூடாது என்று பிள்ளைகள் தாங்களாகவே விவாதிக்க ஆரம்பித்தார்கள். யாஸ்மின் கஃபாய் என்ற கல்வி ஆய்வாளர் அதைப் பிற்பாடு விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2005இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ஒரு நிரல் கோளாறால் கிளம்பிய 'கரப்டட் பிளட்' தொற்று இதன் பெரியவர்கள் பதிப்பு. அதை யாரும் பாடமாகத் திட்டமிடவில்லை, ஆனாலும் தொற்றுநோய் ஆய்வாளர்கள் 2007இல் மருத்துவ ஆய்விதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கொரோனா வந்தபோது இரண்டும் திரும்பப் பேசப்பட்டன.

இன்னொரு நல்ல பொருத்தம் மொழிப் பாடம். மொழி கற்பிக்கும் ஜெர்மனியின் கதே நிறுவனமும் ஸ்பெயினின் செர்வாந்தேஸ் நிறுவனமும் செகண்ட் லைஃபுக்குள் இடம் வைத்திருந்தன. 2007இல் குரல் வசதி வந்த பிறகு, ஜெர்மன் படிப்பவர் ஒரு காபிக் கடைக்குள் நடந்து போய் ஜெர்மானியர் ஒருவரிடமே காபி கேட்கலாம். தப்பாகப் பேசினால் சிரிப்பது அவதாரைப் பார்த்துத்தான் என்ற எண்ணமே பலருக்கு நாக்கை அவிழ்த்துவிட்டது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை தட்டச்சு அரட்டையில் பொளந்து கட்டுவதை இணைய வகுப்பு நடத்திய எல்லோரும் பார்த்திருப்பீர்கள், இங்கேயும் அதேதான். குழுவாக வேலை கொடுப்பதற்கும் அந்த உலகத்தில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. செகண்ட் லைஃபில் சாதாரணமாகத் தட்டச்சு செய்தால் 20 மீட்டர் வரைக்கும்தான் கேட்கும், கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100 மீட்டர். ஆகவே குழுக்களை 30 மீட்டர் இடைவெளியில் உட்கார வைத்தால் ஒரு குழு பேசுவது இன்னொன்றுக்குக் கேட்காது. ஆசிரியர் எல்லாக் குழுக்களிடமும் நடந்து போய் ஒட்டுக் கேட்கலாம், எல்லோரையும் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு கத்து. ஜூமில் பிரேக்அவுட் ரூமுக்குள் திடீரென்று குதிக்கிறோமே, அந்த அநாகரிகம் இல்லை.

சரி, இப்போது தலையில் மாட்டும் கண்ணாடிக் கருவிக்கு வருவோம், ஏனென்றால் இன்றைக்கு மெட்டாவெர்ஸ் விற்பவர்கள் அதையும் சேர்த்துத்தான் விற்பார்கள். செகண்ட் லைஃப், ரிவர் சிட்டி எல்லாமே சாதாரணக் கணினித் திரையில் ஓடியவை. கண்ணாடி போட்டால் இன்னும் நன்றாகப் படிப்பார்கள் என்பது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். டென்மார்க்கைச் சேர்ந்த கிடோ மக்ரான்ஸ்கி, அமெரிக்காவின் ரிச்சர்ட் மேயர் முதலானவர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஒரே மெய்நிகர் ஆய்வகப் பாடத்தைச் சிலருக்குத் திரையிலும் சிலருக்குக் கண்ணாடியிலும் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே இருப்பது போன்ற உணர்வு கூடுதலாக இருந்தது, கற்றது குறைவாக இருந்தது. மூளை அலைப் பதிவிலும் அவர்களுக்குச் சுமை அதிகம் என்று தெரிந்தது. ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, கைப்பழக்கம் தேவைப்படும் பயிற்சிகளில் கண்ணாடி உதவுவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் "மாணவர்கள் அசந்து போய்விடுவார்கள்" என்று விற்பனையாளர் சொன்னால், அசந்து போவது வேறு, பாடம் ஏறுவது வேறு என்று நீங்கள் திருப்பிச் சொல்ல இது போதும்.

அப்புறம் அந்தத் தீவுகள் என்ன ஆயின என்று கேட்டீர்கள். பல தீவுகள் பாடத்தால் சாகவில்லை, வாடகையால் செத்தன. அப்போது ஒரு முழுத் தீவுக்கு மாதம் 295 டாலர், கல்வி நிறுவனங்களுக்கு அதில் பாதி. 2010 அக்டோபரில் லிண்டன் லேப், ஜனவரி முதல் அந்தச் சலுகை கிடையாது என்று அறிவித்தது. கல்வியாண்டின் நட்டநடுவில் செலவு இரட்டிப்பானால் எந்தத் துறைத் தலைவர் கையெழுத்துப் போடுவார்? ஏறக்குறைய அதே சமயத்தில் பதின்ம வயதினருக்கென்று தனியாக இருந்த டீன் செகண்ட் லைஃபையும் மூடினார்கள். அங்கே பிரிட்டனின் ஓபன் யூனிவர்சிட்டி 'ஸ்கோம் பார்க்' என்று ஒரு தீவையே பிள்ளைகள் கையில் கொடுத்து நடத்திப் பார்த்திருந்தது. அதற்கும் கொஞ்சம் முன்னால், அதே 2010இல், விதிமீறல் என்று சொல்லிக் கலிஃபோர்னியாவின் வுட்பரி பல்கலைக்கழகத்தின் வளாகத்தையே இரண்டாவது முறையாக அழித்திருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு, ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகத்தை ஒரு நிறுவனம் ஒரே நாளில் காணாமல் போக்க முடியும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பல ஆசிரியர்கள் அப்போது ஓபன்சிமுலேட்டருக்குப் பெயர்ந்தார்கள். 2007இல் தொடங்கிய திறமூல மென்பொருள் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்), செகண்ட் லைஃப் மாதிரியே இருக்கும், உங்கள் சர்வரிலேயே ஓடும். ஆனால் பெயரும்போதுதான் தெரிந்தது, நீங்களே கைப்பட உருவாக்கிய பொருளைத் தவிர வேறெதையும் வெளியே எடுத்துப் போக முடியாது. கடையில் வாங்கிய மேசை நாற்காலி, பொருளை அசைய வைக்க நண்பர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட், பழைய மாணவர் கட்டிய பாதி ஆய்வகம், எல்லாம் அங்கேயே. வாடகை வீட்டில் சொந்தக் காசைப் போட்டு மாடி கட்டின கதைதான். 2013இல் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், போனவர்களில் அதிகம் பேர் திரும்பவில்லை. செகண்ட் லைஃப் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் இன்னும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. கூகுளின் லைவ்லி 2008 ஜூலையில் பிறந்து அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டது, மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்சில் மூடப்பட்டது, மோசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே மாதத்தோடு நிறுத்தியது.

ஆகவே டெமோ காட்டியவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான். நாங்கள் விலகினால் எங்கள் கட்டுமானத்தை எந்த வடிவத்தில் எடுத்துப் போகலாம், அந்த வடிவத்தை வேறு எந்த மென்பொருள் திறக்கும்? அறுபது பேர் ஒரே இடத்தில் ஒருவரையொருவர் பார்க்க முடியுமா, இல்லை இருபது இருபதாகப் பிரித்து மூன்று நகல் அறைகளில் போட்டுவிடுவீர்களா? மாணவர் கையில் இருக்கும் பத்தாயிரம் ரூபாய் ஃபோனில் ஓடுமா? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் வாங்காதீர்கள், ஃபோனைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர்கள் சிறார்தான், அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதை யார் வாங்குவது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிவர் சிட்டி மாதிரி ஒன்றை ஒரு துறை தனியாகச் செய்ய முடியாது, அதற்குப் பின்னால் அரசு நிதியும் வருடக்கணக்கான உழைப்பும் இருந்தன. கையில் பணம் இல்லாதவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு, அதுதான் பழைய வழியும்கூட. கட்டுவதை மாணவர்களிடமே விட்டுவிடுவது. படமே இல்லாமல் வெறும் எழுத்தால் ஆன உலகங்கள் இருந்த 1990களில், எம்.ஐ.டி.யில் ஏமி பிரக்மன் 'மூஸ் கிராசிங்' என்று ஒன்றைச் செய்தார். அங்கே சிறுவர்கள் அறைகளையும் பிராணிகளையும் தாங்களே எழுதி, நிரல் போட்டு உயிர் கொடுத்தார்கள், நிரலாக்கம் படிக்கிறோம் என்று தெரியாமலே படித்தார்கள். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டு பள்ளிகளுக்குள் நுழைந்ததும் இந்தக் கதவு வழியாகத்தான். 2011இல் ஆசிரியர்களே சேர்ந்து மைன்கிராஃப்ட்எடு என்று ஆரம்பித்ததை மைக்ரோசாஃப்ட் 2016இல் வாங்கித் தன் கல்விப் பதிப்பாக வெளியிட்டது. எல்லோரையும் ஒரே சொடுக்கில் அசையாமல் நிறுத்துவது, ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு இழுத்து வருவது என்று வகுப்பு நடத்தியவர்கள் யோசித்த வசதிகள் அதில் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு பாடத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுப்பேன். உதாரணத்துக்கு, நீங்கள் சிவில் துறை என்றால் ஒரு சிற்றூருக்குக் குடிநீர் விநியோகம். லுவான்டியில் செய்யலாம், மைன்கிராஃப்ட் மாதிரியே கட்டி விளையாடுவது, மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்து 2024இல் பெயர் மாறிய திறமூல மென்பொருள், இலவசம், லேபில் இருக்கும் பழைய கணினிகளிலேயே ஓடும். ஒரு கணினியைச் சர்வராக வைத்தால் லேப் நெட்வொர்க் போதும், இன்டர்நெட்கூட வேண்டாம். முதல் வகுப்பு முழுக்க நடக்கவும் கட்டவும் பழகுவதற்கே போய்விடும், அதற்குள் பாடத்தைத் திணிக்காதீர்கள். குழுவுக்கு ஒரு தெரு என்று பிரித்துக் கொடுங்கள், மேடு பள்ளத்தை நீங்கள் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வையுங்கள், எந்தத் தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறாது என்று. கற்பதில் பாதி அந்தப் பேச்சில்தான் நடக்கும், டெமோ காட்டுபவர்கள் அதற்கு நேரமே ஒதுக்க மாட்டார்கள். மதிப்பெண்ணைக் கட்டிய அழகுக்குப் போடாமல், ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி அதற்குப் போடுங்கள். பருவம் முடிந்ததும் அந்த உலகம் முழுவதும் ஒரே கோப்புறையாக இருக்கும். பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வருட மாணவர்கள் அதே ஊரில், அதே பழுதான குழாய்களிலிருந்து ஆரம்பிக்கலாம்.